கொம்பு வைத்த கிட்டார்

மந்தின்
12.6.1988

அன்புத் தங்கை தாயம்மாவுக்கு,

அண்ணன் அமிர்தலிங்கம் எழுதுவது. இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதால் என் உடம்பு ஒருவாறு இருக்கிறது. உன் முதுகுவலி குறைந்ததா? விடியற்காலையில் ரப்பர் மரம் சீவப் போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள். கோலா கிளாவாங் பனி பொல்லாதது.

ஒரு செய்தி. இதை உனக்கு எழுதுவது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தாள் எழுதிக் கிழித்தேன். மறைத்தால் அதைவிடப் பெரிய தவறாகும் என்று தோன்றியதால் மறுபடி எழுதுகிறேன்.

உன் மகள் பஞ்சாலைக்குச் செனவாங் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அவளை என் பொறுப்பில் விட்டாய். இதுவரை அவள்மேல் ஒரு குறை சொல்ல எனக்கு இடமில்லை. நேற்று அவள் அறையில் எலிப்பொறி வைப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அங்கே நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. குழந்தையை அடக்கம் செய்யும் பெட்டியின் அளவு. இத்தனை வருடம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்தவன், அப்படிப்பட்ட பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன். திறந்தேன்.

உள்ளே சிவப்பு வெல்வெட்டு. அதன்மேல் ஒரு கிட்டார். கிட்டார் என்று பிறகுதான் புரிந்தது. முதலில் ஆயுதம் என்றே நினைத்தேன். தோட்டத்து வாலிபர்கள் வைத்திருக்கும் மரக் கிட்டாருக்கு வயிறு உண்டு, வயிற்றில் ஓட்டை உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. தட்டையான கறுப்புக் கட்டை. அளவு மாறிய இரண்டு கொம்புகள். தலைப்பக்கம் கோடரி போலக் கூர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் இரண்டு கறுப்புக் கட்டிகள். எலிப்பொறியின் கம்பி போய் அவற்றில் ஒட்டிக்கொண்டதால் காந்தம் என்று அறிந்தேன். கீழே ஓர் இரும்புக் கைப்பிடி துருத்திக்கொண்டிருக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "கூட்டாளியோடது மாமா, வெச்சிருக்கச் சொன்னா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவளுடைய இடது கை விரல் நுனிகளைப் பார்த்தேன். தோல் காய்த்துப் போயிருந்தது. அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருப்பதால் விரல் அப்படிக் காய்க்காது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உன் சொற்படி நடக்கிறேன்.

கலக்கத்துடன்,
அண்ணன் அமிர்தலிங்கம்

*

கோலா கிளாவாங்
20.6.1988

பாசமுள்ள அண்ணனுக்கு,

தாயம்மா எழுதுறது. நான் சுகம், நீங்க சுகமா இருக்கணும். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க, ஆறாவதோட நின்ன கை.

கடுதாசியைப் படிச்சிட்டு அப்படியே படியில உட்கார்ந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி யாரு செத்துட்டாங்கன்னு கேட்டா. யாரும் சாவல, கிட்டாருன்னேன். அவளுக்கு ஒண்ணும் விளங்கல.

முடியை வளர்த்துக்கிட்டு, கிழிஞ்ச ஜீன்ஸ் சிலுவாரைப் போட்டுக்கிட்டு டிவியில தலையை ஆட்டிக் குதிக்கிறானுங்களே, அவனுங்க வெச்சிருக்கிற சாமான்தானே லா அது? ஆம்பிளைப் பசங்க வெச்சிருந்தாலே அடிக்கத் தோணுது. இவளுக்கு எதுக்கு அது? அவ அப்பா போனப்புறம் ஒத்தையா நின்னு வளர்த்தேன். இப்பத்தான் சுவா ஊர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை எடம் வருது. பையன் பேரு சந்திரன், லோரி ஓட்டுறான், சிகரெட்டு கூட கிடையாதாம். பொண்ணு கட்டிலுக்கு அடியில கொம்பு வெச்ச சாமான் இருக்குன்னு அவங்க காதுல விழுந்தா என்னா ஆவும்?

அண்ணே, ரெண்டுல ஒண்ணு. அது உங்க வீட்டுல இருக்கக் கூடாது. அது இருந்தா இவ அங்க இருக்கக் கூடாது. பஸ் ஏத்தி அனுப்பிடுங்க, என்கூட மரம் சீவட்டும்.

கொஞ்சம் சத்தம் போட்டுப் பேசுங்கண்ணே. உங்களுக்கு ஊசி போடத்தான் தெரியும், அதட்டத் தெரியாது. மாத்திரையை விட்டுறாதீங்க.

தங்கச்சி
தாயம்மா

*

மந்தின்
3.7.1988

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். உன் நலமறிய ஆவல்.

அதட்டச் சொல்லியிருந்தாய். முயன்றேன். "பஞ்சாலை!" என்று உரக்கக் கூப்பிட்டேன். "என்னா மாமா, தண்ணி வேணுமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் உன் கட்டளை நிறைவேறிவிட்டது. அந்தப் பொருள் இப்போது என் வீட்டில் இல்லை. பெட்டியோடு நானே தூக்கி வெளியே கொண்டுபோய்விட்டேன். இது உண்மை. நீ நிம்மதியாக இரு.

வேறு விசேஷம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள், நோயாளிகள் எல்லாரும் டவுன் கிளினிக்குக்குப் போகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கட்டடம் பாழாகக் கூடாதே என்று சாயங்காலங்களில் திறந்து வைக்கிறேன். பஞ்சாலையும் வேலை விட்டு வந்ததும் அங்கே வந்து உதவுகிறாள். அவள் வீடு சேரச் சற்று நேரமாகிறது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதே. நானும் கூடவே இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

கோலா கிளாவாங்
21.8.1988

பாசமுள்ள அண்ணனுக்கு,

தாயம்மாவோட வணக்கம். நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன். நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் சோறு இறங்குச்சு. எங்க அண்ணன் ஒரு வேலை சொன்னா முடிச்சிடுவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்னா வேலைன்னு மட்டும் சொல்லல.

ஆனா பிள்ளையைப் போட்டு அந்தப் பழைய ஆஸ்பத்திரியைக் கழுவ வெக்கிறீங்களே, கழுவிக் கழுவி கட்டடம் கரைஞ்சிடப் போவுது.

சுவாக்காரங்க வர்ற சித்திரைத் திருவிழாவுக்கு இங்க வந்து, கோயில்லயே பொண்ணு பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. எனக்கும் அதான் நல்லதாப் பட்டுச்சு. கரகம் எப்பவும் போல நான்தான் எடுக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா, முனியாண்டி உறுமி மேளத்தைத் தேய்ச்சி அந்த உறுமல் என் அடிவயித்துல விழுந்தாத்தான் எனக்கு ஆத்தா வருவா. ஆத்தா வந்தாத்தான் கரகம் தரையை விட்டு எழும்பும். கரகம் எழும்பினாத்தான் ஊர்வலம் கெளம்பும். அதுக்குள்ள இந்த முதுகு சரியாவணும். வாளி தூக்கினா வலது பக்கம் பிடுங்குது. என்னா பண்ணணும்னு விவரமா எழுதுங்க.

தாயம்மா

*

மந்தின்
30.10.1988

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலமே. பதில் எழுதத் தாமதித்ததற்குக் கோபிக்காதே. உன் முதுகைப் பற்றி யோசித்து எழுத வேண்டியிருந்தது.

நான் சொல்வதை மனத்தில் படமாக நினைத்துக்கொள். முதுகெலும்பு ஒரு பாலம். முன்னாலிருந்து அதை ஆறு கம்பிகள் இழுக்கின்றன. பின்னாலிருந்து சுருள்வில்கள் இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும்வரை பாலம் மிதந்தாற்போல நேராக நிற்கும். ஆறு கம்பிகளையும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டால், வில் பின்னால் இழுத்து, பாலம் டக்கென்று உள்ளே விழுந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்பவனுக்கு நெஞ்சே நின்றுவிடும். ஆகவே ஒரு கம்பியைக் கழற்றினால், புதியதை மாட்டி இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். உன் விஷயமும் அப்படித்தான். கனத்தை ஒரு கையில் மட்டும் தூக்காதே. வாளியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் சமமாக எடுத்துப் போ. படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வை.

சரஸ்வதி பூசையை டிஸ்பென்சரியிலேயே எளிமையாகச் செய்தோம். ஸ்டெதாஸ்கோப், கத்தரிக்கோல், மற்றும் சில கருவிகளை வைத்துப் படைத்தோம். சிறு அசம்பாவிதம் ஒன்று நடந்து, சரியாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

தீபாவளி வாழ்த்துகள்.

அண்ணன்

*

கோலா கிளாவாங்
27.11.1988

அண்ணனுக்கு,

தாயம்மா எழுதுறது. உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுக்குத்தான்.

மனுசன் முதுகுல ஆறு கம்பி இருக்குன்னு எந்த ஆஸ்பத்திரியில அண்ணே படிச்சீங்க? எனக்கு ஆறு கம்பி, உங்களுக்கும் ஆறு கம்பியா? புதுசு மாட்டி இறுக்கச் சொல்றீங்களே, நான் எந்தக் கடையில போய் வாங்குறது?

கடுதாசியை ஒரு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவ படிச்சேன். மூணாவது தடவ படிச்சப்பதான் பொறி தட்டுச்சு. எங்க அண்ணனுக்கு அந்தச் சாமானோட வயித்துக்குள்ள என்னா இருக்குன்னு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. பார்க்காத ஆளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுல இல்லைன்னு எழுதினீங்க. டிஸ்பென்சரி வீடு இல்லையே! பொய் சொல்லத் தெரியாத ஆளு, உண்மையை வெச்சே என்னை ஏமாத்திட்டீங்க. அவ செஞ்சது கூடப் பெரிசில்ல. நீங்களா? ஊரே பொய் சொன்னாலும் டிரசர் அய்யா சொல்ல மாட்டாருன்னு நெனச்சேனே.

சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வாங்க. அந்தச் சாமானும் வரணும். என் கண்ணு முன்னாடி அது வேற ஆளு கைக்குப் போவணும். திருவிழா முடிஞ்சதும் அவ மந்தினுக்குத் திரும்ப மாட்டா. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

இதுக்கு நீங்க பதில் எழுதாட்டியும் பரவால்ல.

தாயம்மா

*

மந்தின்
8.1.1989

அன்புத் தங்கைக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்காகவே பல வாரம் பேனாவைத் தொடவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் எனக்கில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியை வெளியே எறியவே எடுத்துப் போனேன். குப்பைத் தொட்டி வரைக்கும் போனேன். பின்னாலேயே பஞ்சாலை வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "மாமா, எறியிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ கேட்டுட்டு எறிங்க" என்றாள். ஒரு நோயாளி கேட்பதுபோல இருந்தது. டிஸ்பென்சரியைத் திறந்தேன். சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தாள். அதை மின்சாரத்தில் மாட்டினாள். முந்தி ஒரு முறை, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டில் ஈரத் தரையில் நின்று பிளக்கைத் தொட்ட ஒருவரை என்னிடம் தூக்கி வந்தார்கள். என்னால் பிழைக்க வைக்க முடியவில்லை. அதிலிருந்து எந்தப் பிளக்கைக் கண்டாலும் எனக்குக் கால் பின்வாங்கும். நான் கதவருகிலேயே நின்றேன்.

அவள் ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். தாயம்மா, புகைவீட்டுக் கொதிகலன் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். அலமாரியில் மருந்துப் புட்டிகள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடின. முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். மைதானத்தின் நடுவில் நின்ற பிறகுதான் எதற்கு ஓடினேன் என்று விளங்கியது. அவள் வாசலில் நின்று சிரித்தாள். நம் அப்பா போன பிறகு உன் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அது. எறிய முடியவில்லை.

சரஸ்வதி பூசையில் நடந்தது என் குற்றம். பூசைக்கு முன் கருவியைச் சுத்தம் செய்ய நினைத்தேன். ஊசிகளை எப்படிச் சுத்தம் செய்வேனோ அப்படியே ஆறு கம்பிகளையும் கழற்றி, ஸ்டெரிலைசரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அப்போதுதான் பாலம் உள்ளே விழுந்தது. அவள் வாழ்க்கையைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவள் வந்து பார்த்து, பேண்டேஜ் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாலத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு கம்பியாகத் திரும்ப மாட்டினாள். "மாமா, உலகத்துல கம்பியை வேக வெச்சி சாமிக்குப் படைச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றாள். கோபமே இல்லை.

தொழிற்சாலை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து வாசிக்கிறாள். தவறான பழக்கம் எதையும் நான் காணவில்லை. ஆனால் நான் சரியாகப் பார்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அவளிடமிருந்து இதைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

சொன்னபடி மூவரும் வருவோம். நான், அவள், அது.

தலைகுனிவுடன்,
அண்ணன்

*

கோலா கிளாவாங்
24.4.1989

அண்ணனுக்கு,

தாயம்மா எழுதுறது. மறுநாள் மொத பஸ்ஸுக்கே ஓடிட்டீங்க, சொல்லிக்கவும் இல்ல. நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களா?

திருவிழா முடிஞ்சதுல இருந்து இங்க ஒரே கூத்தா இருக்கு. நான் ரோட்டுல போனா பொம்பளைங்க ஒதுங்கி நின்னு கும்பிடுறாங்க. நேத்து ரெண்டு பேரு தட்டுல சூடம், வெத்தலை பாக்கோட வீட்டுக்கே வந்துட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, "உள்ள இருக்கிறதுக்கு ஒரு சூடம் காட்டிட்டுப் போயிடுறோம்"ங்கிறாங்க. உள்ள என்னா இருக்கு? கட்டிலுக்கு அடியில அந்தக் கறுப்புப் பெட்டிதான் இருக்கு. எனக்குத் தலை சுத்திப் போச்சு.

நான் என்னா பண்ணினேன்? கரகத்துக்கு முன்னாடி நின்னது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் எலுமிச்சைத் தண்ணி குடிச்சது. நடுவுல என்னா நடந்துச்சுன்னு ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க. சாமி வந்த ஆளுக்கிட்ட சாமி சொன்னதைச் சொல்லக் கூடாதாம். பஞ்சாலைக்கிட்ட கேட்டேன். "நான் சொன்னா எனக்காகச் சொல்றேன்னு நெனப்பீங்க. மாமாவைக் கேளுங்கம்மா, அவரு பொய் சொல்ல மாட்டாரு"ன்னா. அப்ப டிஸ்பென்சரி என்னா லான்னு கேட்டேன்.

அவ இங்கதான் இருக்கா. மரம் சீவப் போறா, வர்றா, பேச்சில்ல. அவளையும் அந்தச் சாமானையும் இங்க வெச்சிக்கிறதா, அங்க அனுப்புறதான்னு உங்க கடுதாசியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணப் போறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. எனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு பார்க்காதீங்க.

தாயம்மா

*

மந்தின்
14.5.1989

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். சொல்லாமல் வந்தது என் கோழைத்தனம்தான், வேறு காரணமில்லை.

நான் எழுதப் போவது முழுவதும் பஞ்சாலைக்குச் சாதகமாக இருக்கிறது. அதனால் நான் கதை கட்டுவதாக நீ நினைக்கக்கூடும் என்று பயந்து, சிலவற்றைக் குறைத்து எழுதலாமா என்று பார்த்தேன். குறைத்தாலும் அது பொய்தானே. ஆகவே கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

நாங்கள் பஸ்ஸில் வரும்போதே தொல்லை தொடங்கியது. கண்டக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னாங்கய்யா, பொணமா? பொணத்துக்கு வேற பஸ்ஸுலா" என்றார். கோயிலுக்கு வந்ததும் நீ பெட்டியைப் பார்த்துவிட்டுக் கரகத்தின் பக்கம் போய்விட்டாய். சந்திரன் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் பஞ்சாலையின் சேலையைப் பார்த்துத் தலையசைத்ததைக் கவனித்தேன்.

மத்தியானம் மழை கொட்டியது உனக்கு நினைவிருக்கும். மழையில் உறுமித் தோல் ஊறிப் போய்விட்டது. முனியாண்டி அதை நெருப்பில் காய்ச்சினார். அவசரத்தில் கிட்டே பிடித்துவிட்டார். தோல் பட்டென்று நடுவில் கிழிந்தது. வேறு உறுமி இல்லை. தப்பு மட்டும் அடித்தார்கள். நீ கரகத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தாய். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. "ஆத்தாவுக்குக் கோவம்" என்றார்கள். ஒருவர், "உறுமி கேசட்டு இருக்கு, போடலாமா?" என்றார். "கேசட்டுக்கு ஒங்க பாட்டனுக்குத்தான் சாமி வரும்" என்று முனியாண்டி கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர். சந்திரனின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "சகுனம் சரியில்லையே" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போது பஞ்சாலை என் கையிலிருந்த பெட்டியைப் பிடித்தாள். நான் விடவில்லை. "வேண்டாம்மா" என்றேன். "மாமா, அம்மா எவ்ளோ நேரமா நிக்கிறாங்க பாருங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

இராத்திரிக் கச்சேரிக்குச் சிரம்பானிலிருந்து வந்திருந்த வாத்தியக் குழுவின் ஒலிபெருக்கிகள் மேடையில் இருந்தன. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறி, அந்தக் கொம்பு வைத்த கிட்டாரைத் தோளில் மாட்டினாள். குழுவில் ஒருவர், "தங்கச்சி, இது கோயிலு" என்றார். "தெரியும்ணே, ஒயரைக் குடுங்க" என்றாள். சந்திரனின் அம்மா வாயில் கைவைத்தவர் கையை எடுக்கவில்லை. சந்திரன் எழுந்து நின்றுவிட்டார்.

அவள் தடித்த கம்பியைத் தட்டினாள். அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அந்த இரும்புக் கைப்பிடியைக் கீழே அமுக்கினாள். கம்பி எல்லாம் தளர்ந்து, ஓசை குழியில் இறங்குவதுபோல இறங்கி, அடியில் போய் உறுமியது. பிறகு கையை மெல்ல விட்டாள். உறுமிக்கொண்டே மேலே ஏறியது. மறுபடி அமுக்கினாள். கிழிந்த உறுமியை மடியில் வைத்துக்கொண்டிருந்த முனியாண்டி துள்ளி எழுந்தார். "அதான் பொண்ணு! அதேதான்! இன்னும் எறக்கு!" என்று கத்திவிட்டு, தப்புக்காரர்களைப் பார்த்து, "அடிங்கடா" என்றார். அந்தக் கைப்பிடி எதற்கு என்று அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

உன் தோள் முதலில் ஆடியது. இடையில் ஒரு முறை ஓசை அறுந்தது, பிறகு சரியாகிவிட்டது. அடுத்த உறுமலில் நீ கரகத்தைத் தூக்கிவிட்டாய். குலவைச் சத்தம் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

கரகத்தோடு நேராக மேடைக்கு வந்தாய். கரகத்திலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை உருவிக் கிட்டாரின் கோடரித் தலையில் செருகினாய். பஞ்சாலை வாசிப்பதை நிறுத்தவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "யாரு பெத்த பிள்ளை இது?" என்று கேட்டாய். "உன் பிள்ளைதான் தாயே" என்றார்கள். "என் பிள்ளையை என் சன்னதியில கூப்பிட்டு வெச்சிக் கையைக் கட்டப் பார்த்தது யாரு?" என்றாய். யார் பதில் சொல்வது? கேட்டதும் நீ, செய்ததும் நீ. பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்து விரலை நீட்டினாய். "மறைச்சி வெச்சவன் நீதானே?" என்றாய். "ஆமாம் தாயே" என்றேன். "இனிமே மறைக்காதே" என்று சொல்லிவிட்டு ஊர்வலத்துக்குத் திரும்பினாய். சந்திரனின் அம்மா தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபின் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான். அவளை எங்கே வைப்பது என்பது உன் முடிவு. என்ன முடிவு செய்தாலும் ஒரு வரி எழுது. டிஸ்பென்சரியை இன்னும் தினமும் திறக்கிறேன். புட்டிகள் ஆடுவதில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

கோலா கிளாவாங்
22.5.1989

பாசமுள்ள அண்ணனுக்கு,

தாயம்மா எழுதுறது. நான் சுகம். முதுகும் தேவலாம். வாளியை ரெண்டாப் பிரிச்சித்தான் தூக்குறேன்.

உங்க கடுதாசியைப் பஞ்சாலைக்கிட்ட குடுத்துச் சத்தமாப் படிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்கார வெச்சேன். நாலு பேரு காதுல விழட்டும். நானா சொன்னா அது தாயம்மா சொன்னது, நீங்க சொன்னாத்தான் அது ஆத்தா சொன்னது.

நீங்க பயந்துக்கிட்டு மாத்தி எழுதுவீங்களோன்னு நெனச்சேன். எழுதல. ஆனா ஒண்ணை மட்டும் மறைச்சிட்டீங்க. இனிமே மறைக்காதேன்னு சொல்லியும் மறைச்சிட்டீங்க.

நடுவுல சத்தம் அறுந்துச்சு, அப்புறம் சரியாச்சுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, அது எப்படி அண்ணே தானா சரியாச்சு? மேடைக்குக் கீழ பிளக்கு லூசா கழண்டு தொங்குச்சு. கச்சேரிக்காரங்க எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு அவளைப் பார்த்துக்கிட்டு நின்னானுங்க. நீங்கதான் போனீங்க. சேத்துல முட்டி போட்டு, அதை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு, மொதல்ல கண்ணைக் கூட இறுக்கி மூடிக்கிட்டு இருந்தீங்க. வெறுங்காலு. வேட்டியெல்லாம் தண்ணி. பிளக்கைக் கண்டா ஓடுற ஆளு. நான் கரகத்தோட மேடையில ஏறி எறங்குற வரைக்கும் கையை எடுக்கல.

உனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. ஆத்தா வந்தாலும் கண்ணு தொறந்துதானே இருக்கு.

ஞாயித்துக்கெழம பஸ்ஸுல அவளை அனுப்புறேன். அதுவும் கூட வருது. வேப்பிலை காஞ்சிடுச்சு, எடுக்க மாட்டேங்கிறா, நீங்களும் எடுத்துறாதீங்க. கம்பியை மட்டும் வேக வெக்காதீங்க. சுவாவுல இருந்து இன்னும் ஒண்ணும் சேதி வரல. வந்தா வரட்டும். அந்தப் பையன் மட்டும் போறப்ப அவகிட்ட, அந்தக் கைப்பிடியை விட்டா கம்பி மறுபடி பழைய சுருதிக்கே வந்துடுமான்னு கேட்டுட்டுப் போனான். அது கொஞ்சம் பிடிச்சிருந்துச்சு எனக்கு.

அடுத்த சித்திரைக்கும் முனியாண்டி இவளைத்தான் கூட வாசிக்கக் கேட்டிருக்காரு. மழை எப்படியும் பெய்யும். அதனால வர்றப்ப மறக்காம கரண்டு அடிக்காம காலுக்கு நல்ல ரப்பர் சப்பாத்து ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க. கோயிலுக்குள்ள சப்பாத்து போடக் கூடாதுன்னு யாராவது சொன்னா, ஆத்தா போடச் சொன்னான்னு சொல்லுங்க.

நம்பாட்டி என்கிட்ட அனுப்புங்க.

உங்க தங்கச்சி
தாயம்மா